கால் மடக்காத கூழைக்கடா

ஏரி நடுவே நின்ற கருவேல மரத்தில் பொன்னலகி என்ற பெண் கூழைக்கடாவும் அதன் துணையான வெண்தூவியும் கூடு கட்டியிருந்தன. கூட்டில் இரண்டு குஞ்சுகள்.

கூழைக்கடாக்கள் கனத்த பறவைகள். பாறையில் இறங்கினால் கால்களை நீட்டி ஊன்ற வேண்டும். தண்ணீரில் இறங்கினால் கால்களை மடக்கி, வயிற்றால் வழுக்கிப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து! அதனால் இறங்கும் முன் பொன்னலகி எப்போதும் கேட்கும்.

"ஏங்க, கீழே என்ன?"

"தண்ணீர்! மடக்கியாச்சு!" என்று வெண்தூவி பதில் சொல்லும்.

ஒருநாள் ஆலா என்ற சின்ன நீர்ப்பறவை ஒன்று அதைக் கேட்டுச் சிரித்தது.

"இவ்வளவு பெரிய உடம்பு! இதைக்கூடப் பெண்டாட்டி சொல்லித்தான் செய்ய வேண்டுமா?"

வெண்தூவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இனிமேல் என்னைக் கேட்காதே!" என்றது.

"சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டுமே!"

"கேட்காதே என்றால் கேட்காதே!"

அன்றிலிருந்து பொன்னலகி கேட்பதை விட்டுவிட்டது.

கோடை வந்தது. ஏரியில் மீன் அற்றுப்போயிற்று. இரண்டும் மலையடிவாரத்து ஓடைக்குப் போய், பாறைக்குப் பாறை தாவி இறங்கி மீன் பிடித்தன. கால்களை நீட்டி நீட்டி அதுவே பழகிவிட்டது.

திரும்பி வந்தபோது கூட்டின் மேல் ஒரு பருந்து வட்டமிட்டது!

வெண்தூவி பாய்ந்து சென்று சிறகால் அடித்து அதை விரட்டியது. பிறகு களைத்துப்போய் ஏரியை நோக்கிச் சரிந்தது. கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

பொன்னலகி பார்த்துவிட்டது. ஆனால் 'கேட்காதே' என்ற சொல் நினைவுக்கு வர, ஒரு கணம் தயங்கியது.

"காலை மடக்குங்க!" என்று அது அலறியபோது நேரம் கடந்துவிட்டது. நீட்டிய கால்கள் தண்ணீரில் மாட்டின. வெண்தூவி தலைகுப்புறக் கவிழ்ந்து, கழுத்தில் பலமாக அடிபட்டது.

பொன்னலகி பதறிப்போய் இறங்கியது. தன் கால்களும் தொங்குவது பாதி வழியில்தான் தெரிந்தது. மடக்கிக்கொண்டு, வழுக்கிப் போய்ச் சேர்ந்தது. துணையின் தலையை அலகால் தூக்கிப் பிடித்தது.

"நீ கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன்," என்றது வெண்தூவி, மெல்ல. "ஆனால் மடக்கியிருப்பேன். போ, குஞ்சுகளுக்குப் பசிக்கும்."

அதன் கழுத்து துவண்டது; உயிர் பிரிந்தது.

பொன்னலகி துணையின் தலையை மெல்லத் தண்ணீரில் விட்டது. பிறகு மீன் நிறைந்த அலகுப் பையோடு கூட்டுக்குப் பறந்தது.

நன்றாகத் தெரிந்த வேலையையும் ஒருமுறை சரிபார்த்துச் செய்கிறவரே பிழைப்பார். பிறர் சிரிப்புக்கு அஞ்சி அதைக் கைவிடுகிறவர் உயிரையே இழப்பார்.