ஜமீன்தார் முகத்து வெளிச்சம்

ஜமீன்தாரின் முகம்தான் சூரியன் என்று ஆஸ்தானப் புலவர் தினமும் பாடினார். கேட்டுக் கேட்டு ஜமீன்தாரே அதை நம்பிவிட்டார். ஜன்னல் இல்லாத உள்மண்டபத்தில் ஒரு மருக்கொழுந்துத் தொட்டியை வைக்கச் சொல்லி, தோட்டக்காரி சுடலியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இது நம்ம முகத்து வெளிச்சத்துலயே வளரணும். வாடுச்சுன்னா உனக்குச் சாட்டைதான்."

வாடிப்போன ஒரு ரோஜாவுக்காக அவள் புருஷன் வாங்கிய அடி இன்னும் ஆறவில்லை. சுடலி கும்பிட்டாள்.

"ஆகட்டும் எசமான். செடிக்கு இலைதான் அடுப்பு, வெளிச்சம்தான் நெருப்பு. தண்ணியும் காத்தும் இருந்தாலும் வெளிச்சம் இல்லாம அதுக்குச் சோறு பொங்காது. தண்ணி என் பொறுப்பு, வெளிச்சம் எசமான் பொறுப்பு. விளக்கு வச்சா எசமானுக்குத்தான் கௌரவக் குறைச்சல்."

ஜமீன்தார் நாள் தவறாமல் இருட்டில் செடிக்கு எதிரே உட்கார்ந்தார். கடைசியில் தொட்டியைச் சபைக்குத் தூக்கி வந்தபோது இலைகள் வெளுத்து மஞ்சளாகித் தொங்கின. சாட்டையும் வந்தது.

"மண்ணைத் தொட்டுப் பாருங்க, ஈரமா இருக்கு" என்றாள் சுடலி. "எது குறைஞ்சுதுன்னு புலவரய்யாவே சொல்லட்டும்."

புலவர் சாட்டையைப் பார்த்தார். "குறையா? எசமான் ஒளி பட்டு இலையெல்லாம் பொன்னாகிவிட்டது" என்றார்.

சபை கைதட்டியது. புலவருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. சாட்டை சும்மா திரும்பிப்போனது.

சுடலி செத்த செடியைத் தூக்கிக்கொண்டாள். "அப்போ புலவரய்யாவுக்கு வருசா வருசம் அளக்குற நெல்லை, இனிமே அந்த உள்மண்டபத்துலயே எசமான் முகத்து வெளிச்சத்துல விளைய வச்சு அளந்திடலாமே எசமான்?"

ஜமீன்தாருக்கு ஒரே பூரிப்பு. அப்படியே செய்யச் சொன்னார்.

சபை மறுபடியும் கைதட்டியது. புலவரும் தட்டத்தான் வேண்டியிருந்தது.