எந்தக் கை?

"கிளவுஸ் நல்லாப் பழகிருச்சுங்க டீச்சர். பந்துதான் நிக்க மாட்டீங்குது."

சென்னியப்பன் இதைச் சொல்லிக்கொண்டே பள்ளி மைதானத்துக்குள் வந்தபோது, தெய்வானை டீச்சர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கோடு முடியட்டும் என்று சென்னியப்பனும் காத்து நின்றார்.

பொள்ளாச்சிக் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் அவர். டீச்சரைவிட வயதில் நன்றாக மூத்தவர். கடையில் அவர் குரல் உயர்ந்தால் அடுக்கி வைத்த குடமெல்லாம் அதிரும். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக இந்த டீச்சர் முன்னால் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நிற்கிறார்.

எல்லாம் மகளுக்காகத்தான். வர்ணிகா ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பிறந்ததிலிருந்து எதற்கும் அடம்பிடிக்காத பிள்ளை. பொம்மைக் கடையைக்கூடப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்துவிடுவாள். அவள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு பேஸ்பால் அணி சேர்க்கிறார்கள் என்றதும், நானும் விளையாடறேன் என்று வாய் திறந்து கேட்டுவிட்டாள். சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார்.

வாங்கி வந்த கிளவுஸ் ஒற்றைக் கைக்கானது, அசல் தோல். ஆனால் அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. பிள்ளையின் இடது கை அதற்குள் போனது. விரலை மூடத்தான் முடியவில்லை.

புதுசு அப்படித்தான் இருக்கும், நல்லாப் பழக்கோணும் என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருந்தார். பழக்குவது என்ற சொல்லைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. அது அவருக்குக் கைவந்த கலை. அவர் பழக்கிக் கொடுத்த கல்லில் முதல் தோசையே ஒட்டாமல் எழும்பும் என்று உடுமலையிலிருந்துகூட வந்து வாங்கிப் போவார்கள். இரும்பையே வழிக்குக் கொண்டுவந்தவருக்கு ஒரு துண்டுத் தோல் எம்மாத்திரம்?

நல்லெண்ணெய் தடவி இளவெயிலில் வைத்தார். உள்ளே ஒரு பந்தைத் திணித்துச் சணல் கயிற்றால் கட்டினார். அதை மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே படுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் பாதி வெங்காயத்தை எடுத்துத் தேய்க்கப் போனார். அதுல தோசையா ஊத்தப் போறீங்க என்று கேட்டு மனைவி கிளவுஸைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

எப்படியோ பழகிவிட்டது. இப்போது தொட்டால் மூடுகிறது, விட்டால் திறக்கிறது. அப்படியும் வர்ணிகா ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. பந்து எங்கேயோ பட்டு எங்கேயோ தெறிக்கிறது. விரல் வீங்கி, வீட்டில் மஞ்சள் பத்துப் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நேற்று அவள் கிளவுஸைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டு, நான் போகலீங்கப்பா என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

டீச்சர் கோட்டை முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். கிளவுஸை வாங்கி, முடிந்தவரை விரலை உள்ளே விட்டு மூடிப் பார்த்தார்.

"அருமையாப் பழக்கியிருக்கீங்ணா."

"அப்புறம் ஏனுங்க டீச்சர் பந்து நிக்கறதில்ல?"

டீச்சர் கழுத்தில் தொங்கிய ஊதலைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினார்.

சென்னியப்பனின் வலது கையில் ஹெல்மெட் இருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. அவர் ஹெல்மெட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு வலது கையால் ஊதலை வாங்கினார்.

டீச்சர் அவருடைய கையையே பார்த்தார். பிறகு ஊதலைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டார்.

சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊதலை ஏன் கொடுத்தார், ஏன் திரும்ப வாங்கினார்? சத்தம் போட்டு விளையாடச் சொல்லணுமா? மூச்சை அடக்கச் சொல்லணுமா? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதே யோசனை. தன் தெருவைத் தாண்டிப் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையிலும் அதே குழப்பத்தோடு முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வர்ணிகா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறுக்கை நீட்டினார். அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினாள்.

"எந்தக் கை?" என்றார் சென்னியப்பன்.

அவள் சட்டென்று அந்தக் கையை இழுத்துக்கொண்டு, பென்சிலைக் கீழே வைத்து, வீங்கிய வலது கையால் வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் இது காக்கை கத்துகிற மாதிரி வழக்கமான சத்தம். அவள் தவழ்ந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தது. சொன்னவரும் அதைக் கவனிக்கவில்லை, கேட்டவளும் கவனிக்கவில்லை. சென்னியப்பன் மறுபடி ஊதலைப் பற்றி யோசிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் வர்ணிகாவைக் கெஞ்சிக் கூத்தாடி வண்டியில் ஏற்றி வந்தார். நாளைக்கு ஆள் எடுக்கறாங்க, சும்மா வேடிக்கையாவது பாரு அம்மிணி என்று சொல்லிக் குழாயடிப் படிக்கட்டில் உட்கார வைத்தார். கிளவுஸை மட்டும் எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார். கொஞ்சம் கோபத்தோடுதான் போனார்.

ஊதலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். டீச்சர் பிடி கொடுக்கவில்லை.

"பாப்பா கிளவுஸை எந்தக் கையில போடறாங்ணா?"

"இடது கையிலதானுங்க. நீங்கதான வலது கை எறியறதுக்கு, இடது கை பிடிக்கறதுக்குன்னீங்க."

"மஞ்சள் பத்து?"

"அது வலது கையிலங்க."

டீச்சர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். சென்னியப்பனும் பதிலுக்குத் தலையை ஆட்டிவைத்தார். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சர் அந்தக் கிளவுஸை அவர் இடது கையிலேயே மாட்டிவிட்டார். பாதிக் கைதான் உள்ளே போனது. பத்தடி தள்ளிப் போய் நின்று, ஒரு பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டார். சின்னக் குழந்தைக்குப் போடுகிற மாதிரிதான் போட்டார்.

பந்து சென்னியப்பனின் வலது கை விரல் நுனியில் பட்டுத் தெறித்தது. அவர் கையை உதறிக்கொண்டார்.

"கிளவுஸ் எனக்குப் பத்தலீங்க. அதான்."

டீச்சர் இன்னொன்று போட்டார். அதுவும் அதே விரலில்தான் பட்டது. நல்லெண்ணெய் குடித்து மெத்தென்று இருந்த கிளவுஸ், இடுப்போரம் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தது. மூன்றாவது பந்துக்கு அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை முன்னால் நீட்டியே வைத்திருந்தார். பந்து கிட்டே வந்ததும் இடது கை தானாக இறங்கிவிட்டது. வலது கை எகிறிப் போய் அடி வாங்கியது.

சென்னியப்பன் தன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சொந்த வீட்டு ஆட்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன மாதிரி இருந்தது அவருக்கு.

"அப்ப எதைத்தானுங்க டீச்சர் பழக்கோணும்?"

டீச்சர் பந்தைப் பொறுக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

"உங்க கையை யாருங்ணா பழக்குனாங்க?"

கேட்டுவிட்டு அவர் பந்தோடு போய்விட்டார். மறுபக்கம் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

யார் பழக்கினார்கள் என்றால் அப்பாதான். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சின்னச் சென்னியப்பனின் இடது கை எதையாவது வாங்க நீளும்போதெல்லாம் மணிக்கட்டில் தோசைத் திருப்பியால் ஒரு தட்டுத் தட்டுவார். வாயால் ஒரே கேள்விதான் கேட்பார். போகப்போகத் தட்டுகூடத் தேவைப்படவில்லை, கேள்வியே போதுமாக இருந்தது.

அந்தக் கேள்வி இப்போது சென்னியப்பனின் காதில் கேட்டது. அது அப்பாவின் குரலில் இல்லை. இன்று காலையில் கூடத்தில் நின்று பேசியவரின் குரலில் இருந்தது.

கிளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். வர்ணிகா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பா பந்து பிடித்த அழகைப் பார்த்திருக்கிறாள் போல. சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம். அவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தேன்மிட்டாயை எடுத்து நீட்டினார்.

அவள் மஞ்சள் பூசிய வலது கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை.

"எந்தக் கை, அம்மிணி?"

வர்ணிகா தன் கையைப் பார்த்தாள். வலது கைதான். சந்தேகமாக மறுபடி ஒரு தரம் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அவள் உதடு பிதுங்கியது. ஆனாலும் சென்னியப்பன் மிட்டாயை நீட்டியபடியே இருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து இடது கை மடியிலிருந்து கிளம்பியது. பாதி வழியில் நின்றது. யாராவது தட்டிவிடுவார்களோ என்று பார்த்துவிட்டுத்தான் மிச்ச தூரம் வந்தது.

அவர் மிட்டாயை அதில் வைத்தார்.

விரல்கள் விறைப்பாகவே இருந்தன. பிறகு மெல்ல மூடின.