முன்னூறு பேருக்குக் கேட்காத பேச்சு

"நாலே மணி நேரம் கொடுத்தா, முதல்ல எதைப் பாக்கணும் மேடம்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஆவுடையப்பன் தென்காசியிலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலி வந்திருந்தார்.

ரெஜினா ஒரு கல்லூரி அரங்கில் பட்டமளிப்பு விழாவுக்காக மைக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விழா மூன்று மணிக்கு. அப்போது மணி பன்னிரண்டு. முந்தின நாள் சாயங்காலம்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ரெஜினாவுக்கு வயது முப்பத்தேழு. ஆவுடையப்பனுக்கு ஐம்பத்திரண்டு. கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மனிதர், மைக், கேமரா, பெரிய திரை என்று மேடை வேலைக்கு வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. தொழில் கற்றதெல்லாம் ரெஜினாவிடம். மூன்று வருஷம் கூடவே இருந்து கற்றுக்கொண்டு, போன வருஷம்தான் சொந்த ஊரில் தனியாகத் தொடங்கியிருந்தார்.

"என்ன நடந்துச்சு, அண்ணே?"

ஆவுடையப்பன் சொன்னார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இறந்துபோனார். பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு, பதினோரு மணிக்கு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் என்றார்கள். பெரிய திரை வேண்டும், மூன்று கேமரா வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் போனில் பார்க்க வழி வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் திரையில் பேசுவாள்.

மகள் பெயர் செண்பகா. அப்பாவின் விருப்பத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். ஐந்து வருஷமாக வீட்டோடு பேச்சு இல்லை. பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்ததால் அவளால் கிளம்பி வர முடியவில்லை. அவள் பேசலாமா என்று சங்கத்துக்காரர்கள் தாயாரிடம் கேட்டிருக்கிறார்கள். பேசட்டும் என்று தாயார் சொல்லியிருக்கிறார்.

"திரையைத்தான் முதல்ல நிறுத்தினேன். அப்புறம் விளக்கு. அப்புறம் அவர் படத்துக்கு மாலை போட்ட இடத்துல கேமரா. பத்தே முக்காலுக்கு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முகம் பளிச்சுன்னு வந்துச்சு. போதும்னு விட்டுட்டேன்."

"சத்தம்?"

"அதைப் பாக்கலை மேடம்."

படம் போன வயரிலேயே சத்தமும் திரைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய வயரை அவர் செருகவே இல்லை. இது தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு. அவள் பேசிக்கொண்டிருந்தபோது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் இருந்த குமிழையெல்லாம் திருகிப் பார்த்தார்.

செண்பகா ஆறு நிமிஷம் பேசினாள். திரை முழுக்க அவள் முகம். உதடு அசைந்தது. நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். ஒரு வார்த்தைகூட மண்டபத்துக்கு வரவில்லை.

முன்னூறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாவு காரியத்தில் யார் எழுந்து கூச்சல் போடுவார்கள்? அந்த அமைதியை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். கடைசியில் கைகூப்பினாள். மண்டபமும் கைகூப்பியது.

"உங்க கையில மைக் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அது அவளுக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

மீதியை ஆவுடையப்பனே சொன்னார். ஒரு வார்த்தை, கேக்கலைம்மா என்று சொல்லியிருந்தால் போதும். முன்னூறு பேர் முன்னால் அதைச் சொல்ல நா எழவில்லை.

கூட்டம் கலையும்போது தாயார் மெதுவாக நடந்து அவரிடமே வந்திருக்கிறார்.

"பிள்ளை என்ன சொன்னா தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

மகள் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று இவர் சொல்லிவிட்டார்.

"அவகிட்ட யாருமே சொல்லலையா, கேக்கலைன்னு?" என்று கேட்டார் ரெஜினா.

"ஊர்ல அவளோட பேச்சு வச்சிருக்கிறவங்க யாரும் இல்லை மேடம். சங்கத்துக்காரங்க, நான் சொல்லியிருப்பேன்னு விட்டுட்டாங்க."

அன்றைக்குச் சாயங்காலமே செண்பகாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நன்றி சார், நான் பேசிய பதிவை அனுப்ப முடியுமா என்று இரண்டே வரி. பதிவிலும் சத்தம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"என்னைக்காவது மறுபடி இப்படித்தான் கூப்பிடுவாங்க. அதுக்குத்தான் கேக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நான் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டேன். நேரம் பத்தலை மேடம்."

ரெஜினா கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தார்.

"அந்தச் செய்தி வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"பதினோரு நாள்."

"அந்த நேரமும் பத்தலையா, அண்ணே?"



ரெஜினா போய் மிக்ஸரை அணைத்தார். ஸ்பீக்கர்களின் இரைச்சல் நின்றது. மேடையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்களைச் சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அரங்கு அடங்கியது.

"உங்க விழா மூணு மணிக்கு," என்றார் ஆவுடையப்பன்.

"தெரியும்."

ரெஜினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆவுடையப்பன் உட்கார்ந்தார். போனை எடுத்தார். செண்பகாவின் எண்ணை இரண்டுமுறை தப்பாகத் தொட்டார்.

நாலாவது முறை மணி அடித்ததும் செண்பகா எடுத்தாள். பின்னால் குழந்தை சிணுங்கியது.

தான் யார் என்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் பேசியது மண்டபத்தில் யாருக்கும் கேட்கவில்லை, வயரைச் செருகாதது நான், பதிவிலும் சத்தம் இல்லை, உங்கள் அம்மாவிடம் கோளாறு உங்கள் பக்கம் என்று பொய் சொன்னதும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"அம்மாவுக்கும் கேக்கலையா?"

"கேக்கலைம்மா."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒரு வார்த்தைகூட."

செண்பகா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

"அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன் சார். அன்னைக்கே கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். கூப்பிடலை. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்னு கேட்டுப் பாக்கத்தான் பதிவு கேட்டேன்."