சுண்டெலி முழம்

ஆலங்குளத்தின் கரையில் சொக்கன் என்ற முயல் மண்சுவர் எழுப்பிப் புது வீடு கட்டியது. போகிற வருகிற மிருகங்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயின. சொக்கனுக்கு அது போதவில்லை.

அதன் மனைவி காத்தாயி வயிற்றில் குட்டிகளைச் சுமந்துகொண்டிருந்தது. கிழக்கு அறையில் குட்டிகளுக்காக வைக்கோல் பரப்பி மெத்தை போட்டிருந்தது. அந்த அறையின் வெளிப்பக்கம் உயரமாக ஒரு பூமேடை கட்டி, மண் நிரப்பி, வரிசை வரிசையாகச் செவ்வந்தி வைக்க வேண்டும் என்று சொக்கனுக்கு ஆசை. வீடு கட்டிய கொத்தனார் முள்ளம்பன்றியைக் கூப்பிட்டு யோசனை கேட்டது.

“தாராளமா கட்டுங்க. ஆனா வீட்டுச் சுவர்மேல மண்ணைச் சாய்க்காதீங்க! செடிக்கு ஊத்துற தண்ணியைச் சுவரும் குடிக்கும். ஒரு முழம் தள்ளி, மேடைக்குத் தனியா ஒரு பின்சுவர் வையுங்க. நடுவுல காத்துப் போகணும்” என்றது கொத்தனார்.

“அப்படியே செய்றேன் கொத்தனாரே!” என்றது சொக்கன். கொத்தனார் தலை மறைந்ததும் அதற்கு மனசு கேட்கவில்லை. ஒரு முழம் விட்டால் ஒரு வரிசைச் செவ்வந்தி போய்விடுமே! கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தது. பிறகு பக்கத்துப் பொந்திலிருந்த சுண்டெலியைக் கூப்பிட்டது.

“தம்பி, கையை நீட்டு!”

சுண்டெலி நீட்டியது. அதன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சொக்கன் ஒரு புல்லால் அளந்தது. அளந்ததைச் சுவரோரம் வைத்துக் கோடு கிழித்தது.

காத்தாயி எட்டிப் பார்த்தது. “ஏங்க, கொத்தனார் சொன்னது எலி முழமா?”

“முழம்னுதான் சொன்னார். யார் முழம்னு சொல்லலையே!”

இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் யாருக்கு வரும் என்று சொக்கனுக்கு ஒரே பூரிப்பு. மேடை எழும்பியது. மொட்டு விட்ட நாற்றுகளை நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது. பூக்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. காடே வந்து பாராட்டியது.

அந்த எலி முழ இடுக்கில் நாலே நாளில் சருகும் மண்ணும் விழுந்து அடைத்துக்கொண்டன. அதற்குள் கைவிட்டு வாரக்கூட முடியவில்லை. கிழக்கு அறைச் சுவரில் கருப்பாக ஒரு கறை ஏறியது.

“சுவர் ஈரமா இருக்குங்க. தொட்டுப் பாருங்க!” என்றது காத்தாயி.

சொக்கன் தொட்டுப் பார்க்கவில்லை. கறையின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டது.

ஒருநாள் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கரையான்கள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன. சொக்கன் கத்தியது. “யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?”

“பாதை போட்டுத் தந்தவரே இப்படிக் கேட்கலாமா?” என்றது ஒரு கரையான் மிக மரியாதையாக. “மேடையிலிருந்து நேரே உங்க வீடு! வெயில்கூடப் படலை!”

மறுநாள் மழை பிடித்தது. அறையில் புழுக்க நாற்றம் தாங்காமல் காத்தாயி வைக்கோலை வாரி அடுக்களைக்கு மாற்றிக்கொண்டு, அங்கேயே நாலு குட்டிகளை ஈன்றது. அன்று மத்தியானமே கிழக்குச் சுவர் சரிந்தது. குட்டிகளுக்கென்று மெத்தை போட்டிருந்த இடத்தின்மேல் மண்ணும் கல்லும் செவ்வந்தியும் குவிந்து கிடந்தன. சொக்கன் அந்தக் குவியலையும் அடுக்களையில் கண் திறக்காமல் நெளிந்த குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தது.

மழை விட்டதும் கொத்தனார் வந்து பார்த்தது. “ஒரு முழம் விடச் சொன்னேனே?”

“விட்டேன்...” என்று இழுத்தது சொக்கன்.

“எலி கையால அளந்து விட்டார்!” என்றது காத்தாயி.

கொத்தனார் தன் கையை நீட்டித் தரையில் வைத்தது. சொக்கன் தலையைக் குனிந்தபடி, அந்த முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கோடு கிழித்தது. அதன் பிறகு சுவர் எழுப்ப மண் சுமக்கப் போனது.

நல்ல யோசனையைத் தன் வசதிக்கேற்ற கையால் அளந்து குறைத்துக்கொள்பவனுக்கு, நஷ்டம் மட்டும் குறையாமல் வந்து சேரும்.