பாதிக் கடலை உருண்டை

"சாமி, சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு வீட்டுலருந்தே வேலை பாக்கலாமா, கூடாதா?"

உலகநாதன் இதைக் கேட்டப்போ மூங்கில் சாமி சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாரு.

பேருக்கேத்த மூங்கில்தான். காத்தடிச்சா வளைவாரு. வயசும் பெருசா ஒண்ணுமில்ல, உலகநாதனைவிட ஏழெட்டு வயசு சின்னவரு. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கரட்டு மலையடியில தகரக் கொட்டாய் போட்டு உக்காந்திருக்காரு. அவரு பதில் சொல்லுவாருன்னு நம்பி யாரும் போறதில்ல. போனா மனசு லேசாகும்னு போறாங்க.

"அங்க இன்னொரு கத்தி கெடக்கு பாரு"ன்னாரு சாமி.

உலகநாதனும் உக்காந்து உரிச்சாரு. கண்ணுல தண்ணி.

"எப்பலருந்து இந்தக் கேள்வி?"

"கால் பிசகுனதுலருந்து சாமி."

உலகநாதன் வீடு செங்கல்பட்டுல. ஆபீசு மெட்ராஸ்ல, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. விடியறதுக்குள்ள ட்ரெயினைப் புடிச்சா, திரும்பி வரும்போது பொண்ணு தூங்கியிருக்கும். ஒரு நாள் ஸ்டேஷன் படியில கால் பிசகிடுச்சு. "நடக்கப்படாது"ன்னுட்டாரு டாக்டரு. கொஞ்ச நாள் வீட்டுலருந்தே வேலை.

கால் சரியாப் போச்சு. மனசு பிசகிடுச்சு.

"இப்ப கம்பெனியில எச்.ஆர். அம்மா கூப்பிட்டுச்சு சாமி. 'மிஸ்டர் உலகநாதன், நீங்க பர்மனென்ட்டா வீட்ல இருந்தே ஒர்க் பண்ணலாம். பட்... பேக்கேஜ் கொஞ்சம் ரிவைஸ் ஆகும்.'"

"ரிவைஸ்னா?"

"குறையும் சாமி. அந்தம்மா வாயில எறங்குறதுக்கெல்லாம் ரிவைஸ்னுதான் பேரு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா பழையபடி ட்ரெயின்தான்."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"வீட்டுல இன்னும் சொல்லல."

சாமி வெங்காயத்தைக் கீழ வெச்சாரு.

"ஏன்?"

"என் சம்சாரத்தோட அண்ணன் ஒருத்தரு இருக்காரு சாமி. பந்தி நடுவுல நின்னு கத்துவாரு. 'மாப்ளே! நம்ம வகையறாவுலயே பெரிய பேக்கேஜ் உங்களுதுதான்!' நாளைக்கு அதே வாயி, 'என்ன மாப்ளே... வீட்டுலதான் இருக்கீங்களாஆஆ?'ன்னு இழுக்கும்."

"இருக்கீங்களாஆஆ?"ன்னு சாமியும் இழுத்துப் பாத்தாரு.

அச்சு அசல் அதே கொரலு. உலகநாதன் வெடுக்குன்னு திரும்பிப் பாத்தாரு, மச்சான்தான் வந்து நிக்கிறாரோன்னு.

"சரி, கெளம்பு"ன்னாரு சாமி.

"பதிலு?"

"கேள்வி வீட்டுலருந்து வேலை பாக்குறதைப் பத்தி. அதை எதுக்கு பஸ் ஏறி வந்து கேக்குறே? வீட்டுலருந்தே கேளு. நாளைக்குக் காலையில மூஞ்சி தெரியுற மாதிரி போன் போடு."

"இதைக் கேக்கவா சாமி இவ்வளவு தூரம் வந்தேன்?"

"வெங்காயம் உரிச்சியே."



திங்கக்கிழமை. உலகநாதன் லீவு போட்டாரு. சம்சாரம் அரசிகிட்ட, "முக்கியமான மீட்டிங், வீட்டுலருந்தே பாத்துக்கறேன்"ன்னாரு.

அரசி அடுப்படிக்குப் போயிடுச்சு.

பதினோரு மணிவாக்குல லேப்டாப்பைத் தொறந்தாரு. ரெண்டு காதுலயும் ஹெட்போனை மாட்டுனாரு. சாமிக்குப் போட்டாரு.

மொதல்ல சாமியோட நெத்தி மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் கொட்டாய் கூரை. அப்புறம் ஒரு கோழி. கடைசியா போனைத் தண்ணிச் செம்புல சாச்சு வெச்சு, முழுசா வந்து உக்காந்தாரு.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது சாமி."

அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டாங்க. கொர்ர்ர்ர்.

உலகநாதன் சட்டுன்னு மைக்கை அமுத்துனாரு. அது அவருக்கு ஊறுன பழக்கம். கோயில் வாசல்ல செருப்பை விடுற மாதிரி, மீட்டிங்ல சத்தம்னா கை தானா அங்க போயிடும். 'உலகநாதனோட மீட்டிங் போட்டா ஊசி விழுந்தாக் கேக்கும்'னு ஆபீசுல அவருக்கு நல்ல பேரு.

மிக்ஸி நின்னுச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"சாமி, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். சிரிக்கக் கூடாது."

சாமி தலையாட்டுனாரு.

"அலைச்சலுக்குப் பயந்து நான் கேக்கல. ட்ரெயின்ல எனக்குன்னு ஜன்னல் சீட்டு இருக்கு, சீட்டாடக் கூட்டாளிங்க இருக்காங்க. அது பழகிப்போச்சு."

சாமி தலையாட்டுனாரு.

"கால்ல கட்டோட வீட்டுல கெடந்தேனில்ல? அப்பத்தான் பாத்தேன். அரசி வேலையெல்லாம் முடிச்சுட்டு, இந்நேரத்துக்கு, அடுப்பு மேடையில சாஞ்சுக்கிட்டு ஒரு கடலை உருண்டை தின்னும். ஒண்ணே ஒண்ணு. கண்ணை மூடிக்கிட்டு, ஏதோ பிரசாதம் மாதிரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு இது தெரியாது சாமி."

சாமி கண்ணை மூடித் தொறந்தாரு.

"நான் பாத்துட்டது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநாள்லருந்து உருண்டையைப் பாதியா உடைச்சு என் லேப்டாப் பக்கத்துல வெச்சுட்டுப் போகும். பேச்சு கெடையாது. பூனை மாதிரி வரும், பூனை மாதிரி போகும். நான் மீட்டிங்ல இருப்பேனில்ல?"

சாமி இப்ப தலையாட்டல. உலகநாதன் தோளுக்கு மேல எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தாரு.

"திரும்ப ஆபீசு போனேன். பதினோரு மணி ஆனா என் கை தானா மேசையைத் தடவுது சாமி. பக்கத்து சீட்டுப் பையன், 'என்ன சார், மவுசைக் காணுமா?'ங்குறான்."

உலகநாதன் மேல சொன்னாரு. "பாதி உருண்டைக்காக சம்பளத்தைக் குறைச்சுக்கறேன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? இவ அண்ணன்கிட்டயா? 'வீட்டுலதான் இருக்கீங்களாஆஆ?' அரசிகிட்ட சொன்னா, 'ஒரு உருண்டைக்கா? டப்பாவோட கட்டித் தர்றேன், கொண்டு போங்க'ன்னுடும். வீட்டு லோனு இருக்கு. பொண்ணு டான்ஸ் கிளாஸ் இருக்கு. எல்லாம் நெசந்தான்."

மேசை ஓரத்தைத் தடவிக்கிட்டாரு.

"ஆனா அது வெச்சுட்டுப் போன அத்தனை பாதிக்கும், நான் ஒரு தாங்க்ஸ்கூடச் சொல்லல சாமி."

கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. இன்னைக்கு வெங்காயம் இல்ல.

"சொல்லுங்க. ஒத்துக்கட்டுமா, வேணாமா?"

சாமி தன் காதைத் தொட்டுக் காட்டுனாரு. ரெண்டு கையையும் விரிச்சாரு.

"சாமி?"

சாமி வாயைக் கோணிக்கிட்டு, எச்.ஆர். அம்மா மாதிரியே நாக்கைச் சொழட்டுனாரு. "மிஸ்டர் உலகநாதன்... உங்க வாய் ஆடுது. பட்... வாய்ஸ் வரல."

உலகநாதன் கீழ பாத்தாரு. மைக்குப் படத்து மேல செவப்புக் கோடு.

கோட்டை எடுத்துட்டு, "ஐயய்யோ! எப்பலருந்து?"ன்னாரு.

"மிக்ஸியிலருந்து."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க?"

"இல்லன்னா நிறுத்திடுவே."

"ஒரு வார்த்தைகூட உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்கு எதுக்குக் கேக்கணும்?"

சாமி எட்டி போனை எடுத்தாரு. நெத்தி தெரிஞ்சுது. கூரை தெரிஞ்சுது. கோழி தெரிஞ்சுது. போயிட்டாரு.

ஸ்கிரீன்ல இப்ப உலகநாதன் மூஞ்சி மட்டும் இருந்துச்சு. அந்த மூஞ்சிக்குப் பின்னால ஒரு பச்சைப் புடவை.

ஹெட்போனைக் கழட்டிட்டு மெதுவாத் திரும்புனாரு.

அரசி நிக்குது. கையில பாதிக் கடலை உருண்டை.

"மீட்டிங்னீங்க?"ன்னுச்சு அரசி.

"மீட்டிங்தான்."

"எங்கண்ணன் அவ்வளவு இழுக்காது."

"இழுக்கும்."

"கொஞ்சம் இழுக்கும்." முந்தானையால மூக்கைத் தொடச்சுக்கிச்சு. "டான்ஸ் கிளாஸா? உங்க பொண்ணு அதுக்குப் போகமாட்டேன்னு தூணைக் கட்டிக்கிட்டு அழுவுறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே."

"எப்படித் தெரியும்?"

"வீட்டு லோனு?"

"அது இருக்கும். இழுத்துப் புடிப்போம். ட்ரெயின் பாஸ் மிச்சம், ஓட்டல் காபி மிச்சம்." உருண்டையை லேப்டாப் பக்கத்துல வெச்சுது. "மொதல்ல அந்த அம்மாவுக்குப் பதில் போடுங்க. உருண்டை ஓடிப்போயிடாது."

உலகநாதன் ஒத்த வரி அடிச்சாரு. அனுப்புனாரு.

உருண்டையைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு, வெல்லத்தையே பாத்துக்கிட்டு, மெல்லச் சொன்னாரு.

"ரொம்ப தாங்க்ஸ் அரசி."

அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டு மிக்ஸி. கொர்ர்ர்ர்.

உலகநாதன் கை தானா லேப்டாப் பக்கம் போச்சு. பாதி வழியில நின்னுச்சு.

அரசி காதுகிட்ட கையைக் குவிச்சுது. "என்னது? கேக்கல!"

உலகநாதன் எந்திரிச்சு நின்னாரு. வயித்துலருந்து மூச்சை இழுத்தாரு.

"ரொம்ப தாங்க்ஸ் அரசீஈஈ!"

பக்கத்து வீட்டுல மிக்ஸி நின்னுச்சு.