இடக்கையால் அரைத்த மிளகாய்

கொங்கு நாட்டுக் கரைமேட்டில் முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே பெட்பேன் கழுவுவதும், நனைந்த விரிப்புகளைத் துவைப்பதும், முதியோரைக் குளிப்பாட்டுவதுமே மாராத்தாள் அம்மையாரின் பணி. விடிந்ததும் துவைகல்லின் அருகே ஒட்டியிருந்த அங்காளம்மன் படத்தின் முன் செவ்வரளியும் நந்தியாவட்டையும் ஏந்தி, "ஆத்தா, இன்னைக்கு எதுங்க வேணும்?" என்று கேட்பார். உள்ளத்தில் விடை தோன்றும்வரை நின்று, அந்தப் பூவையே சாத்துவார்.

தாய்க்கு உள்ள விருப்பம் தாய் படைத்த உயிர்களுக்கும் உண்டு என்பது அவர் கொள்கை. ஆதலின் இல்லத்தில் வாழ்ந்த முப்பத்தொரு பேரிடமும், "வெந்நீருங்களா, பச்சத்தண்ணிங்களா?" என்று கேளாமல் எவர் மேனியையும் அவர் தீண்டியதில்லை.

நிர்வாகி தெய்வசிகாமணிக்கோ அது கேலியாயிற்று. "சாமிகிட்டயே ஆர்டர் எடுக்கறவ வந்துட்டா பாரு! இவ கேட்டு முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்பான். அவனுடைய ஆட்சியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளியல், ஒரே அளவில் தலைமயிர் வெட்டு, ஐந்து நிமிடத்தில் சோறு.

அங்கே நஞ்சப்பனார் என்றொருவர் இருந்தார். பேருந்து நடத்துநராக வாழ்ந்தவர். பக்கவாதத்தால் வலக்கை விழுந்துபோனவர். இடக்கையால் களியைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, ஒரு மணி நேரம் சுவைத்து உண்பார். "சிந்துனாலும் என்ற சொந்தக் கையில தின்னாத்தான் அம்மிணி அது சோறு" என்று மாராத்தாளிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் நண்பகலில் அதைக் கண்டான் தெய்வசிகாமணி. "பீச்சாங்கையில சோறா? லட்சுமி ஓடிருவா!" என்று இரைந்து, அந்தக் கையைத் துண்டினால் நாற்காலியோடு கட்டினான். மூடிய வாயைக் கரண்டியால் நெம்பினான். உதடு கிழிந்து குருதி களியில் சொட்டியது.

அம்மையார் பாய்ந்து வந்து கட்டை அவிழ்க்கலானார்.

"அவுத்தீன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

"இன்னைக்கே இல்லைன்னு வெச்சுக்கங்க" என்று கட்டை அவிழ்த்தெறிந்தவர், நஞ்சப்பனாரை நோக்கி, "ஆத்தா கோயிலுக்குப் போலாங்களா?" என்று கேட்டார். அவர் தலையசைத்தார். சக்கர நாற்காலி வாயிலைக் கடந்தது. "சாமிக்கும் பீச்சாங்கையிலயா படையல்?" என்ற நகைப்பு பின்னால் கேட்டது.

அங்காளம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கொடுமைக்கு ஆளானவர் வரமிளகாயை அரைத்து அங்குள்ள நீதிக்கல்லில் பூச வேண்டும். கொடுமை செய்தவன் உடல் எரியும். அம்மையாரின் நெஞ்சோ அதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது. மிளகாயை அம்மியில் கொட்டினார், குழவியைப் பற்றினார், பல்லைக் கடித்து அரைக்கத் தொடங்கினார்.

"கேக்காமயே எடுத்துட்டீங்களே அம்மிணி!" என்றார் நஞ்சப்பனார்.

அம்மையாரின் கை நின்றது. வாழ்நாளில் செய்யாத பிழையைச் சினம் செய்வித்துவிட்டதே! முகம் கன்றி, "நான் அரைக்கட்டுங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"வேண்டாம். வழக்கு என்னுது. கையும் என்னுது."

நாற்காலியிலிருந்து அவரைத் தாங்கி இறக்கினார் அம்மையார். செயலற்ற வலக்கை மடியில் கிடக்க, இடக்கை மட்டும் குழவியை உருட்டியது. நண்பகலில் தொடங்கியது, விளக்கு வைக்கும் வேளையில்தான் விழுதாயிற்று. "இடக்கையில பூசுனா ஆத்தா ஏத்துக்கமாட்டாங்க" என்றார் பூசாரி.

"அதை ஆத்தாதான் சொல்லோணும்" என்ற அம்மையார், நஞ்சப்பனார் கல்லில் பூசுகையில் சன்னிதியை நோக்கிக் கைகூப்பினார். "அவன மன்னிக்கச் சொல்லி வரலீங்க தாயே. எரியோணும். அந்தக் கரண்டி புடிச்ச கை எரியோணும்." அன்றிரவு, நஞ்சப்பனாரைக் கேட்டு, அவரை இல்லத்தில் விட்டுவிட்டுத் தம் வீடு திரும்பினார்.

மறுநாள் நண்பகலில் தெய்வசிகாமணி சோற்றில் கை வைத்தான். வலக்கை தீயிலிட்டதுபோல் பற்றியெரிந்தது. நீரில் நனைத்தான்; மேலும் எரிந்தது. வெண்ணெய் தடவியும் தணியவில்லை. இரண்டாம் நாள் பசி பொறாமல், எல்லோர் கண்முன்னும் இடக்கையால் அள்ளி, மார்பெல்லாம் சிந்தி உண்டான். முப்பத்தொரு பேரும் கண்குளிரக் கண்டார்கள். "லட்சுமி எந்தப் பக்கம் ஓடுறா, பாருங்கப்பா!" என்று ஒருவர் கூவ, இல்லமே அதிர்ந்தது.

மூன்றாம் நாள் அவன் கோயிலில் விழுந்தான். பூசாரி திரையை விலக்கிப் பார்த்து உறைந்து நின்றார். அம்மனின் இடத் திருக்கரம் மிளகாய் விழுதால் சிவந்திருந்தது! மறுகணம் அவர்மீது அருள் இறங்கியது.

"என்ற கையைப் பாருடா! முப்பத்தொரு பேருகிட்டயும் போயி, என்ன வேணும்னு கேளு. கேட்டதச் செய்யி. எப்படிக் கேக்கறதுன்னு மாராத்தாகிட்டப் படி. அவ கேக்காமச் சாத்துன பூ ஒண்ணுகூட என்ற தலையில இல்ல."

தெய்வசிகாமணி அம்மையாரை அவர் வீட்டிலிருந்து கைகூப்பி இல்லத்துக்கு அழைத்துச் சென்று, கட்டில் கட்டிலாகக் கேட்டான். ஒருவர் வெந்நீர் கேட்டார்; ஒருவர் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டார். கேட்கக் கேட்க விரல் விரலாய் எரிச்சல் தணிந்தது. கட்டைவிரல் மட்டும் எஞ்சியது. எஞ்சியவர் நஞ்சப்பனார்.

"என்னங்க வேணும்?"

"சாப்பிடோணும். முடியற வரைக்கும் நீ கைகழுவத் தண்ணியோட நில்லு."

அன்று நஞ்சப்பனார் களியைக் கடுகளவாய்ப் பிட்டார். மறுசோறு கேட்டறியாதவர் மும்முறை கேட்டு வாங்கினார். சொம்பு ஏந்திய கட்டைவிரல் கனன்றது. இரண்டு மணி நேரம் கடந்தது. கண்ணீர் வழிய, தெய்வசிகாமணி அருகில் நின்ற அம்மையாரைக் கெஞ்சினான்.

"போதும்னு சொல்லுங்கம்மா…"

"அவரைக் கேளுங்க" என்றார் மாராத்தாள் அம்மையார்.

கேளாமல் ஒரு பூவும் சாத்தாத அந்த அம்மையாரின் திருவடிகளை, அவர் இசைவாராயின், நாமும் வணங்குவோமாக.