லேத்தைச் சுற்றி வந்த சுவர்

கோயமுத்தூருக்குக் கிழக்கே கூழாங்கல்பாளையம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். ஒருமுறை டவுன் பஸ் கண்டக்டர், "கூழாங்கல்பாளையமெல்லாம் இறங்கு" என்று கூவியிருக்கிறார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த டிரைவரும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த ரூட்டில் வெளியூர் டிரைவரைத்தான் போடுகிறார்கள்.

நாச்சிமுத்துவுக்கும் அந்த ஊர்தான். லேத்தில் இரும்பு கடைவது அவன் தொழில். கை சுத்தமான வேலைக்காரன், பொய் சொல்லக் கூடாது. அவன் கெட்டதெல்லாம் கீழ்ப்படிந்துதான். ஒரு முதலாளி நாலங்குல ஷாஃப்ட் ஒன்றை மாட்டிக் கொடுத்து, "நான் உள்ள வர்ற வரைக்கும் கடைஞ்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டீக்கடையில் எழவு சேதி வந்து, அப்படியே கிளம்பிப் போய்ச் சாயங்காலம்தான் திரும்பினார். வந்து பார்த்தால் ஷாஃப்ட் பல் குத்துகிற பக்குவத்துக்கு வந்திருந்தது. நாச்சிமுத்து அதையும் விடாமல் கடைந்துகொண்டிருந்தான்.

அந்த முதலாளி பத்து முதலாளிகளிடம் சொன்னார், பத்துப் பேர் நூறு பேரிடம் சொன்னார்கள். அப்புறம் அவனுக்கு எந்தப் பட்டறையிலும் வேலையில்லை. லேத் இல்லாத கடைசல்காரன் வீட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவினான். சொந்தமாக ஒரே ஒரு லேத் இருந்தால் போதும், அப்புறம் எவனும் நம்மை ஏவ முடியாது என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு சேதி வந்தது. மெயின் ரோட்டோரம் பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பட்டறை ஒன்றை இடிக்கப் போகிறார்களாம். உள்ளே பழைய லேத் இரண்டு இருக்கிறதாம். ஒன்று எட்டடி, இன்னொன்று நாலரை அடி. நாச்சிமுத்து சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டது கூடத் தெரியாமல் ஓடினான்.

பட்டறைக்குச் சொந்தக்காரி ராஜாமணியம்மா. அப்பா விட்டுப்போன இடத்தை விற்றாகிவிட்டது, காலி செய்து கொடுக்க வேண்டும். அவருக்கும் லேத்தைத் துண்டு போட மனசில்லை. அதற்காக நாள் தள்ளவும் முடியாது.

"இத பாரு நாச்சிமுத்து. வெள்ளிக்கிழமை பொழுதோட ஆறு மணிக்கு இரும்புக்கடை துரைசாமி வருவாரு. அப்ப இந்த நாலு செவுத்துக்குள்ள என்ன இருந்தாலும் அவருக்கு. கேஸ் வெச்சு வெட்டி எடுத்துட்டுப் போயிருவாரு. அதுக்கு முன்னால லேத் வெளிய இருந்துச்சுன்னா, ரெண்டும் உனக்கு."

அன்று புதன்கிழமை. நாச்சிமுத்து மூன்று சேக்காளிகளைத் திரட்டினான். ஆண்டமுத்து, நெல் மூட்டையை இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்குபவன், தொண்டையும் அதே கனம். பட்டீசன், எந்த வேலையையும் பாதியில் விடாதவன், நிறுத்தச் சொன்னாலும் விடாதவன். குழந்தைவேலு, கண்ணாடி போட்டவன். யோசிக்கிற பொறுப்பு அவனுடையது.

நாலு பேரும் முதலில் ஆறுக்குட்டி மேஸ்திரியிடம் போனார்கள். மிஷின் நகர்த்துவதில் அந்த வட்டாரத்துக்கே அவர்தான் ஆள். ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். படுத்தபடியே வரிசையாகச் சொன்னார். துரு ஏறாமல் இருக்க முதலில் ஒரு விரல் இடம் விடாமல் கிரீஸ் பூச வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பி அடியில் பைப்புத் துண்டுகளைப் போட வேண்டும். பின்னால் வெளியே வருகிற பைப்பை எடுத்து முன்னால் போட வேண்டும். ஒருத்தன் குரல் கொடுக்க மற்றவர்கள் கயிறு இழுக்க வேண்டும். குழந்தைவேலு அத்தனையையும் எழுதிக்கொண்டான்.

வியாழக்கிழமை கிரீஸ் பூசினார்கள். பூசும் வேலை பட்டீசனுக்கு. ஒரு விரல் இடம் விடாமல் இரண்டு லேத்தையும் பூசினான். டப்பாவில் மிச்சம் இருந்தது. கடப்பாரையைப் பூசினான், பைப்பைப் பூசினான், கயிற்றைப் பூசினான். அப்புறம் நாச்சிமுத்து ஒரு கடப்பாரையைத் தூக்கினான், அது மீன் மாதிரி நழுவி ஜன்னல் வழியாகப் போய் ரோட்டில் விழுந்தது. மீதி நாள் முழுக்கக் கடப்பாரையைத் துடைப்பதிலேயே போயிற்று. துடைத்த துணியைப் பிழிந்து கிரீஸை மறுபடி லேத்துக்கே பூசினான் பட்டீசன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெரிய லேத்தை எப்படியோ நெம்பி, அடியில் ஐந்து பைப்புகளைச் செருகிவிட்டார்கள். பிறகு நாலு பேரும் லேத்துக்குப் பின்னால் வரிசையாகக் குத்த வைத்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பைப் எதுவும் வெளியே வரவில்லை.

"வருமாட்ட இருக்குதா?" என்று கேட்டான் ஆண்டமுத்து.

"வந்தா எடுத்து முன்னால போடோணும்னு சொன்னாரு. எப்ப வரும்னு சொல்லலியே" என்றான் பட்டீசன்.

குழந்தைவேலு சீட்டை எடுத்துப் படித்தான். அடுத்த வரியில் குரல் என்று இருந்தது. குரல் இல்லாததால்தான் பைப் வரவில்லை என்று புரிந்தது. குரலுக்கு ஆண்டமுத்துவை விட்டால் ஆளில்லை. அவன் வாசல் மேட்டில் ஏறி நின்று ஐலசா போட்டான், ஓட்டில் இருந்த புறாக்களெல்லாம் பறந்தன. மற்ற மூவரும் இழுத்தார்கள், கிரீஸ் கயிறு கையோடு வந்தது, லேத் வரவில்லை. ஆண்டமுத்துவும் வந்து இழுத்தால் நகர்ந்திருக்கும். ஆனால் குரல் கொடுக்கிறவன் இழுக்கக் கூடாதே. இழுக்கிறவன் குரல் கொடுக்கக் கூடாதே. சீட்டில் தெளிவாக இருந்தது.

கடைசியில் லேத் கிரீஸில் வழுக்கித் தானாகவே இரண்டடி நகர்ந்து, கதவு நிலையில் முட்டி நின்றது. அளந்து பார்த்தார்கள். கதவின் அகலம் மூன்றரை அடி. லேத்துக்கு நாலேகால் அடி வேண்டும்.

மணி பதினொன்று. இன்னும் ஏழு மணி நேரத்தில் கேஸ் வெட்டும் நெருப்பு இந்த லேத்து மேல் விழும், நாம் ஆயுசு முழுக்கத் தேங்காய் துருவ வேண்டியதுதான் என்று நினைத்ததும் நாச்சிமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லேத்தில் சாய்ந்து அழுதான். நிமிர்ந்தபோது முகத்தில் பாதி கறுப்பாக இருந்தது.

"இவ்வளவு சின்னக் கதவு வழியா இது எப்படித்தான் உள்ள வந்துச்சு?" என்று விம்மினான்.

குழந்தைவேலு மேஸ்திரிக்குப் போன் போட்டான். மேஸ்திரி முனகிக்கொண்டே சொன்னார்: அந்தக் காலத்தில் லேத்தை இறக்கி வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். குழந்தைவேலு போனை வைத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், அது கிரீஸ் துணி. ஒன்றும் தெரியாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"லேத் உள்ள வரவே இல்லீப்பா. அது பாட்டுக்கு வெளியதான் நின்னுச்சு. செவுருதான் பின்னால வந்து சுத்திக்கிச்சு."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"அப்ப யாரு வெளிய போகோணும்?" என்றான் ஆண்டமுத்து.

"பின்னால வந்தவன்தான். நாயம்னு ஒண்ணு இருக்குதில்ல."

"அந்தம்மா லேத் வெளிய இருக்கோணும்னுதான் சொன்னாங்க. நகத்தோணும்னு சொல்லவே இல்லை" என்றான் பட்டீசன்.

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கூரை ஓடுகளை இறக்கினார்கள். சட்டத்தைக் கழற்றினார்கள். சுவர் மண் வைத்துக் கட்டியது, பாதி ஏற்கெனவே விழத்தான் காத்திருந்தது. ஆண்டமுத்து தோளைக் கொடுத்தான், மீதியும் விழுந்தது. இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காததால் வேலை மளமளவென்று நடந்தது. செங்கல்லையும் ஓடுகளையும் ரோட்டோரம் அழகாக அடுக்கினார்கள். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசிக் கல்லைப் பட்டீசன் எடுத்து வைத்தான்.

துரைசாமி லாரியோடும் கேஸ் சிலிண்டரோடும் வந்து இறங்கி, இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்ப ஏறிக்கொண்டார். ராஜாமணியம்மாதான் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார். வெட்டவெளியில் இரண்டு லேத்துகள் கிரீஸ் மினுமினுக்க நின்றன. பக்கத்தில் அதே மாதிரி மினுமினுக்க நாலு ஆட்கள்.

"நாச்சிமுத்து, செவுரு எங்க?"

"வெளிய அனுப்பிட்டமுங்க."

அந்தம்மா லேத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சொன்ன சொல் சொன்னதுதான் என்று வளர்ந்தவர். "வெளியதான் இருக்குது" என்றார். துரைசாமிக்கும் வருத்தமில்லை, ஓட்டையும் கல்லையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அந்தம்மா, அதுவும் அடுக்கியே இருந்தது, இடிக்கிற கூலி மிச்சம். நாச்சிமுத்து லேத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தின் மறுபாதியையும் கறுப்பாக்கிக்கொண்டான்.

மறுநாள் மேஸ்திரி இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கிரேன் ஒன்றோடு வந்தார். கூரையில்லாததால் கிரேன் நேராக மேலிருந்து இரண்டையும் பூ மாதிரித் தூக்கியது. முப்பது வருஷத் தொழிலில் இவ்வளவு சுளுவாக மிஷின் எடுத்ததில்லை, இவர்களுக்கு இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று மேஸ்திரிக்கே பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமை கூழாங்கல்பாளையம் போய்ச் சேரும்வரைதான் நீடித்தது.

நாச்சிமுத்து தன் வீட்டுக்குப் பின்னால் வேலையில்லாமல் கிடந்தபோதே ஒரு ஷெட் கட்டி, சுண்ணாம்பு அடித்து, வாசலில் மாவிலை கூடக் கட்டியிருந்தான். கதவு மூன்றடி. கிரேன் டிரைவர் கதவையும் லேத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசிக்க ஒன்றுமில்லை, கைவந்த வேலை. மத்தியானத்துக்குள் ஷெட் ரோட்டோரம் அடுக்கியாயிற்று.

கிரேன் லேத்துகளை இறக்கி வைத்துவிட்டுப் போனது. மறுபடி சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். லேத்தைத் தனியாக விட மனசில்லாமல் நாலு பேரும் உள்ளே நின்றே கட்டினார்கள். கதவு வைக்கும் இடம் வந்தபோது பட்டீசன் குழந்தைவேலுவைக் கேட்டான். கதவு எதற்கு, லேத் உள்ளே வர. லேத் உள்ளேதானே இருக்கிறது என்றான் குழந்தைவேலு. அதுவும் சரிதான் என்று கல்லை வைத்தார்கள். மேலே ஓட்டுக்கு அடியில் ஒரு முழம் காற்றுவழி மட்டும் விட்டார்கள். அது வழியாகத்தான் நாச்சிமுத்துவின் சம்சாரம் ரங்காத்தாள் ஏணி போட்டுச் சோற்றுப் போசியையும் கரண்ட் ஒயரையும் உள்ளே விட்டாள். திட்டுவதையும் அது வழியாகவே திட்டினாள்.

நாச்சிமுத்துவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. சுவிட்சைப் போட்டதும் பெரிய லேத் பூனை உறுமுகிற மாதிரிச் சுற்றியது. சொந்த லேத். இனி ஏவுவதற்கு ஒரு முதலாளி கிடையாது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் வாடிக்கைக்காரர் பக்கத்து ஊர் செங்கோட்டையன், கிணற்று மோட்டார் ஷாஃப்டோடு வந்தார். கதவைத் தேடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏணியில் ஏறி ஷாஃப்டைக் காற்றுவழியில் உள்ளே நீட்டினார்.

"ஒரு நூல் கனம் கடைஞ்சா போதும் தம்பி. டீ குடிச்சுட்டு வாரேன். நான் உள்ள வர்ற வரைக்கும் வேலையப் பாத்துக்கிட்டிரு."

டீ குடித்துவிட்டு வந்து வெளியிலிருந்து கூப்பிட்டார். உள்ளே நாலு பேரும் கூடிப் பேசினார்கள். குரல் அவருடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆள் உள்ளே வரவில்லை என்று குழந்தைவேலு தீர்ப்புச் சொன்னான். நாச்சிமுத்து தலையாட்டிவிட்டு மறுபடி லேத்தின் பக்கம் குனிந்தான்.

செங்கோட்டையன் இன்னும் கதவைத் தேடிச் சுவரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். ஷாஃப்ட் இப்போது ஊதுவத்தி கனத்துக்கு வந்திருக்கிறது.